ஆறுதலாகப் போன காலம்

எம் பகுதியில் பிறந்த ஒருத்தியை வேற்றூரில் காட்டிக்கொடுப்பதற்கு மூன்று சொற்கள் போதும். மறுகா, ஒள்ளுப்பம், ஆறுதலா. மறுகா என்றால் பிறகு. ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம். ஆறுதல் என்ற சொல் தமிழகத்தாருக்குத் துயரத்தில் சொல்லும் தேற்றம், எங்களுக்கோ அவசரமின்மை. “ஒள்ளுப்பம் இரிங்க, ஆறுதலாப் போகலாம்” என்று விருந்தாளியிடம் சொல்லாத வீடு கல்முனையிலும் இல்லை, மருதமுனையிலும் இல்லை, நிந்தவூரிலும் இல்லை. “மறுகா வாரன்” என்று விடைபெறும் ஆள் பின்னேரம் வருவாரா, அடுத்த அறுவடைக்கு வருவாரா என்று யாரும் கேட்பதும் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் என் காலத்து யாழ்ப்பாணத் தோழியர் இச்சொற்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம், ஆறுதலாகத்தான்.

இன்று இந்த ஆறுதலுக்கு விலை உண்டு. எமது மாவட்டத்தின் தென்கோடியில் பொத்துவிலுக்கு அருகே அறுகம்குடாவுக்கு, மே மாதம் தொடங்கி ஒக்ரோபர் வரை, உலகின் நாலாபுறமிருந்தும் கடலலையில் சறுக்குவதற்கு ஆட்கள் வருகிறார்கள். சறுக்குவது ஒரு மணி நேரம். மீதி நேரம் முழுவதும் ஓலைக் கொட்டிலின் கீழ் சும்மா இருப்பது. சிறு தீவு, வெயில், தென்னை, யாருக்கும் அவசரமில்லாத வாழ்வு என்று ஊருக்குத் திரும்பி எழுதுகிறார்கள். அதை வாசிக்கும் எம் பிள்ளைகளும், எங்கள் மூத்தம்மாமார் காலத்தில் கல்முனையும் அப்படித்தானே இருந்தது, என்ன நிம்மதியான வாழ்க்கை என்று பெருமூச்சு விடுகிறார்கள். சங்கம் நூறு ஆண்டைத் தொட்டிருக்கும் இவ்வேளையில், நூறு ஆண்டுகளாக இவ்வூர்களில் நேரம் எப்படி நகர்ந்தது, அந்த ஆறுதல் யாருக்குக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். வரலாறு படிப்பித்தவள் என்பதால், பெருமூச்சை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தீவு என்ற சொல்லை எமது பகுதிக்குச் சொன்னால் பெரிய பிழையில்லை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே மட்டக்களப்பு வாவி. கல்லடியிலிருந்து கல்முனை வரை இரண்டு நீருக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டில்தான் ஊருக்கு மேல் ஊராக நெருங்கி வாழ்ந்திருக்கிறோம். வாவி எங்கள் பக்கத்தில் கிட்டங்கி, சவளக்கடை ஓரமாக வந்து முடிகிறது. சூரியன் எழும் கடலோரத்துக்கு எழுவான்கரை, சூரியன் படும் மறுகரைக்குப் படுவான்கரை என்று பெயர் வைத்த முன்னோரின் மனத்தில் நடுவில் இருந்தது தண்ணீர்தான். கல்முனைக்குத் தெற்கே உள்ள ஓர் ஊரின் பெயரே காரைதீவு. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த மண் அது. சம்மாந்துறை என்ற பெயர் ‘சம்பான் துறை’ என்பதிலிருந்து வந்தது என்று எம்மவர் சொல்வது வழக்கம். பெயராராய்ச்சியை அறிஞருக்கு விட்டுவிடுவோம். துறை என்ற பகுதி எதைச் சொல்கிறது என்பதில் ஐயமில்லை.

நீரால் சூழப்பட்ட ஊரில் பயணத்தின் வேகத்தை நீரே தீர்மானித்தது. மட்டக்களப்பு நகரம் இருபத்தைந்து மைல் அளவு தூரம். இன்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் எடுத்தால் சாரதியைத் திட்டுகிறோம். அன்று மாட்டு வண்டிலில் புறப்பட்டால் கல்லாறு, ஓந்தாச்சிமடம் என்று வழியில் குறுக்கிடும் நீரையெல்லாம் கடந்து, கல்லடியில் தோணி பிடித்தாக வேண்டும். வாவி வழியே வள்ளத்தில் போவதென்றால் காற்றின் தயவு வேண்டும். வாடைக் காற்று ஒரு திசைக்கு உதவும். கச்சான் மறுதிசைக்கு உதவும். காற்று விழுந்துவிட்டால் மரக்கோல் ஊன்றிப் போக வேண்டியதுதான். கல்லடியில் வாவிக்கு மேலே இரும்புப் பாலம் வந்தது 1924இல். அப்போதைய ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அந்த ரயில் கல்முனைக்கு இன்றுவரை வரவில்லை. வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேள்விப்பட்டிருக்கிறோம், மறுகா வரும்.

மாரி காலத்தில் இந்தத் தீவு உண்மையாகவே தீவாகிவிடும். ஒக்ரோபர் கடைசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவ மழை தை மாதம் வரை கொட்டும். வாவி பெருகும். கடலோடு சேருமிடத்தை மணல் மூடியிருந்தால் வெள்ளம் வயலுக்குள் ஏறும். முகத்துவாரம் வெட்டிவிட ஆட்கள் கூட வேண்டும். பாதை அறுந்து, தபாலும் வராமல், கச்சேரிக் கடிதமும் வராமல், ஊர் தன்பாட்டில் இருக்கும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் கிழக்கு மாகாணத்தைத் தண்டனை இடமாற்றமாக எண்ணியதில் வியப்பில்லை. எம்மவருக்கு அது வருடா வருடம் வரும் காலம். நெல் கொம்பறையில் இருந்தால் போதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் மழை பெய்யட்டும்.

நெல்தான் எம்முடைய மணிக்கூடு. பள்ளிவாசலின் ஐந்து வக்து ஒரு நாளைப் பிரித்தது. “சுபஹோட போனவர் அசருக்கு முன்ன வந்திருவார்” என்றால் யாருக்கும் மணி கேட்கத் தேவையில்லை. ஒரு வருடத்தைப் பிரித்தது வயல். உழவு, விதைப்பு, வேலி, காவல், வெட்டு, சூடு மிதிப்பு. போடிமார் எனப்பட்ட நிலச்சொந்தக்காரருக்குப் படுவான்கரையிலும் சம்மாந்துறை மேற்கிலும் வயல் இருந்தது. அவர்களுக்காக வேலை செய்த முல்லைக்காரரும் வயற்காரரும் வாடி கட்டி வாரக்கணக்காக அங்கேயே தங்குவார்கள். இரவில் பன்றியும் யானையும் வராமல் பரணில் விழித்திருப்பார்கள். களவெட்டியில் சூடு மிதிக்கும்போது அங்கு மட்டும் பேசும் தனிச் சொற்கள் உண்டு. நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். வேலைக்காலத்தில் அந்த உழைப்பு முதுகை ஒடிக்கும். வேலை முடிந்தால் அடுத்த மழை வரை பெரிய ஓய்வு. அந்த மாதங்களில்தான் சந்திக் கடையிலும் கடற்கரை மணலிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் வெற்றிலை வட்டாவோடு கதை வளர்ந்தது. கரைவலை இழுக்கும் தோணிக்காரருக்கும் அப்படியே: வாடை கிளம்பிக் கடல் கொந்தளித்தால் தோணியை மேலே இழுத்துவைத்துவிட்டு வலையைப் பொத்திக்கொண்டிருக்கலாம்.

பிள்ளைகள் பெருமூச்சு விடும் ஆறுதலான ஊர் இதுதான். அது பொய்யல்ல. ஆனால் அந்தத் திண்ணையில் பெண்கள் இருக்கவில்லை.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் நேரத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தொழிற்சாலைச் சங்கு வருவதற்கு முன் மனிதர் மணியைப் பார்த்து உழைக்கவில்லை, வேலையைப் பார்த்து உழைத்தனர். கடும் உழைப்பும் நீண்ட சோம்பலும் மாறி மாறி வந்தன என்பது அவர் சொன்னது. எங்கள் வயற்காலத்துக்கு அச்சாகப் பொருந்தும். அதே கட்டுரையில் அவர் இன்னொன்றையும் கவனிக்கிறார்: நாட்டுப்புறத்தில் மிக நீண்டதும் மிகக் கடினமானதும் பெண்ணின் உழைப்பே, அவளுக்கு வயல் ஓய்ந்த பின்னும் ஓய்வில்லை என்று. அவர் இங்கிலாந்தைப் பற்றி எழுதினார். கல்முனைக்குடியைப் பற்றி எழுதியிருந்தாலும் ஓர் எழுத்து மாறியிராது.

ஒரு நேரச் சோற்றை எண்ணிப் பாருங்கள். கொம்பறையிலிருந்து நெல்லை அள்ளி ஊறப்போட வேண்டும். விடியுமுன் பெரிய பானையில் அவிக்க வேண்டும். பன்பாயில் பரப்பி வெயிலில் காயவிட வேண்டும். காயும்போது காலால் துழாவிக்கொண்டும், கோழியையும் காகத்தையும் துரத்திக்கொண்டும், வானத்தில் கறுப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். அதிகம் காய்ந்தால் அரிசி உடையும். காயாமல் குத்தினால் மாவாகும். பதம் பார்த்து உரலில் போட்டு இருவர் மாறி மாறிக் குத்த வேண்டும். பிறகு சுளகில் புடைத்து, உமி வேறு, தவிடு வேறு, குறுணல் வேறு. இவ்வளவுக்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவது. தண்ணீர் வளவுக் கிணற்றில். விறகு கொண்டுவந்தால் உண்டு. மாசி இடித்து, மிளகாய் அரைத்து, தேங்காய் துருவி, கறி ஆக்கி முடித்தால் அடுத்த நேரத்துக்கு நெல் ஊற ஆயத்தமாக இருக்கும். பாயும் கடையில் வாங்கியதல்ல. பன்னை வெட்டிக் காயவைத்து, சாயம் போட்டு, குந்தியிருந்து இழைத்தது.

மருதமுனையில் இதற்கு மேல் தறி. மருதமுனைச் சாரனும் சேலையும் நாடெங்கும் பெயர் பெற்றவை. தறியில் இருந்து நெய்தவர் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்தத் தறிக்கு நூல் கொடுத்த கைகளைப் பற்றிப் பேச்சு குறைவு. நூலுக்குச் சாயம் தோய்ப்பது, கஞ்சி போடுவது, சுற்றுவது, பாவுக்கு ஆயத்தம் செய்வது என வீட்டுப் பெண்களும் சிறுபிள்ளைகளும் செய்த வேலை நாடாவின் ஓசைக்குப் பின்னால் எப்போதும் இருந்தது. குழந்தை அழுதால் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறுகையால் சுற்றினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடுகு வேலிக்கு உள்ளே எந்த அவசரமும் தெரியாது. ஊர் ஆறுதலாக இருப்பதாகத்தான் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த வேலிக்கு உள்ளே இருந்தது அவளுடைய வளவு. கிழக்கிலங்கையில் வீடு மகளுக்குத்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவதே எம் வழக்கம். குடி தாய் வழியே போகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எம்மிலும் அயலிலுள்ள தமிழரிலும் இம்முறை ஒன்றாக இருப்பதையும் எடுத்துக்காட்டுகிறார். இதனால் விளைந்தது என்ன? உம்மாவின் வளவுக்கு அருகே மகளின் வீடு, அதற்கு அருகே சாச்சியின் வீடு. ஒரு குச்சொழுங்கை முழுவதும் இரத்த உறவான பெண்கள். மாமியார் வீட்டில் தனித்து நின்று நெல் குத்தும் துன்பம் எம் மூத்தம்மாமாருக்கு இருக்கவில்லை. வேலிக்குப் பொட்டு வைத்து, அதன் வழியே நெருப்பும் உப்பும் குழந்தையும் கதையும் போய்வந்தன. உலக்கை கனம்தான், இன்னொரு உலக்கைக்காரி அக்காவாகவோ தங்கையாகவோ இருந்தாள்.

உண்மையான ஆறுதல் அவர்களுக்குக் கிடைத்தது இரவில். இஷாவுக்குப் பின், நிலவு காலத்தில், வளவு மணலில் பாய் விரித்துக் கூடுவார்கள். குப்பி விளக்கில் எண்ணெய் எரிக்கத் தேவையில்லை. அங்கே பிறந்தவைதான் எம் பெண்களின் கவிகள். வாடியில் இருக்கும் மச்சானுக்கு, கொடுத்த வாக்கை மறந்தவனுக்கு, வம்பு பேசிய அயலாளுக்கு எல்லாம் நாலடியில் கவி கட்டினார்கள். எழுதத் தெரியாதவர்கள் கட்டியவை அவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தேடிப் பதிந்திராவிட்டால் பாதி மறைந்திருக்கும். ஊருக்குப் பொதுவான ஆறுதலும் இருந்தது. நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப றபான் அடித்துப் பாடிவரும் பாவாமார். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் பேரில் பன்னிரண்டு நாள் நடக்கும் கொடியேற்றம். கொடியேற்றத்தின் மார்க்க நிலை பற்றி இன்று பலவாறு பேசுகிறார்கள். அது இக்கட்டுரையின் வேலையல்ல. அக்கரைப்பற்றிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் கூடாரம் போட்ட வண்டில்களில் பெண்கள் கூட்டமாக வெளியூர் போய்வந்த வெகு சில நாட்களில் அவையும் இருந்தன என்பதை வரலாறு எழுதுபவள் விட்டுவிட முடியாது.

அந்த ஆறுதலுக்குக் கொடுத்த விலையைப் பற்றி இனிச் சொல்கிறேன். பாதையில்லாத ஊரில் பிரசவம் சிக்கலானால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறியும். மருத்துவிச்சியின் கைக்கு மீறிய இரவில், மட்டக்களப்பு இருபத்தைந்து மைலும் நாலு துறையும் தூரம். காற்று இல்லை, தோணிக்காரன் அக்கரையில் என்றால் மறுகா என்ற சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடும். அந்த வள்ளப் பயணத்தைப் பற்றி யாரும் கவி கட்டவில்லை.

அடுத்தது படிப்பு. ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதி முடிக்கும் வரை பெண்பிள்ளை வெளியே போனாள். பருவமெய்தினால் வேலிக்கு உள்ளே. அதன் பின் உலக்கையும் தறியும் கலியாணமும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எம் மூத்தம்மாமாருக்கும் வாக்கு வந்தது. பிரிட்டனில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்குப் பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் வாக்களித்தவர்களில் தம் பெயரை எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எழுத்து மறுகா வரும் என்று விட்டுவைத்த ஊர் இது.

நேரத்தின் வேகம் மாறத் தொடங்கியது போர்க்காலத்தில் என்பது என் கணிப்பு. 1942 ஏப்ரலில் யப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றது. நாட்டுக்கு நெல் வேண்டும் என்றதும் அதுவரை மறந்திருந்த கிழக்கு நினைவுக்கு வந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். நெல்லுக்காக வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஏற்படுத்தினார். 1945இல் நாடளாவிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் அவர் முயற்சியில் உருவானதற்கு இங்கே கண்டதும் கேட்டதுமே வித்து. அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் வந்தது. சம்பளம் கட்ட இயலாது என்ற காரணம் அன்றோடு போயிற்று. போகாமல் நின்ற காரணம் நேரம். பிள்ளை பள்ளிக்குப் போனால் உலக்கையின் மறுபக்கத்தில் யார்?

பாடசாலை மணி எம்மூரில் ஒரு புதிய ஓசை. அது வெயிலையும் பார்க்காது, நெல் காய்ந்ததா என்றும் பார்க்காது. ஏழரைக்கு என்றால் ஏழரைக்கு. வாசலில் நின்று பிந்தி வந்தவர்களை எண்ணிய அதிபர்களை நாம் எவ்வளவு வெறுத்தோம்! நம் பழைய மாணவியரில் மூத்த தலைமுறையினர் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: சுபஹுக்கு முன் எழும்பி நெல் குத்திவிட்டுப் பள்ளிக்கு வந்தோம், உள்ளங்கைக் கொப்புளத்தில் பேனா பிடித்தோம் என்று. ஒரு பிள்ளையின் நாளில் இரண்டு மணிக்கூடுகள் ஓடின. ஒன்று மற்றதற்கு வழிவிடவில்லை. பல வீடுகளில் வழிவிட்டது உம்மாதான். மகளின் பங்கு நெல்லையும் தானே குத்தி முடித்தாள். சங்க வரலாற்றில் அவர்கள் பெயர் எதுவும் இல்லை. அவர்கள் பழைய மாணவியரும் அல்லர்.

அதற்குப் பின் வந்தவை வேகமாகவே வந்தன, நானும் வேகமாகவே சொல்கிறேன். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, சேனாநாயக்க சமுத்திரம் எனும் பெருங்குளத்தைக் கட்டும் வேலைக்காகக் கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைந்தது. வானத்தை மட்டும் நம்பியிருந்த வயல்கள் பலவற்றுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து, சிறுபோகமும் செய்ய முடிந்தது. ஆண்களின் பெரிய ஓய்வுக் காலம் அத்தோடு சுருங்கியது. யாருக்குக் காணி, யாருக்குத் தண்ணீர் என்ற பிணக்கும் அதனோடு வந்தது. அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. மாணவிக்குப் பருவச்சீட்டு என்ற அந்தச் சிறு அட்டை எத்தனை வேலிகளைத் திறந்தது என்று கணக்கெடுத்தால் நல்லது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம் வந்தது. ஊருக்கு ஊர் நெல் மில் வந்தது. அரசாங்கம் பெண்களுக்குச் செய்த நன்மைகளைப் பட்டியலிடுபவர்கள் மில்லைச் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் எம்மூரில் பெண் கல்விக்கு மில் செய்த உதவியைப் பல மேடைப் பேச்சுகள் செய்யவில்லை. உரல் முற்றத்திலிருந்து கோடிப்புறத்துக்குப் போனது. மகள் பள்ளிக்குப் போனாள்.

போர்க் காலத்தில் ஊர் மறுபடியும் மெதுவானது. அந்த மெதுவை யாரும் ஆறுதல் என்று சொல்லமாட்டோம். பாதை மூடல், ஊரடங்கு, சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து ஏறுதல். பரீட்சைக்குப் போன பிள்ளை வீடு வரும் வரை வாசலில் நின்ற உம்மாமாருக்கு ஒள்ளுப்ப நேரமும் யுகமாக இருந்தது. இடையில் 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டையே முன்தள்ளியது. 2006 வரை “பழைய மணியா, புதிய மணியா” என்று கேட்டுக் கேட்டுப் பழகினோம். பள்ளிவாசலின் வக்து மட்டும் வெயிலோடேயே இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் எமது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோரத்தில் மகள்மாருக்கென்று கட்டிய வீடுகள் வரிசையாகப் போயின. கிழக்கில் கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். புது வீடு கொடுக்கும்போது குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு ஆணின் பெயரை எழுதும் வழக்கம் வந்தபோது, வீடு பெண்ணுக்குரியது என்று சொல்ல எழுந்தவர்களில் எழுத வாசிக்கத் தெரிந்த பெண்கள் முன்னின்றார்கள். மனு எழுதினார்கள், படிவத்தை வாசித்துக் கேள்வி கேட்டார்கள். மூத்தம்மாவின் காலத்தில் அந்தப் படிவத்தில் பெருவிரலைத்தான் வைத்திருப்பார்கள்.

இப்போது உலகமே ஆறுதலைத் தேடுகிறது. 1986இல் உரோமா புரியின் நடுவே மக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது அதற்கு எதிராக எழுந்த இத்தாலியர், பிறகு மெதுவான உணவு இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1989இல் பாரிஸில் பிரகடனம் வெளியிட்டார்கள். நத்தை அவர்களின் சின்னம். கையால் குத்திய அரிசி, கல்லில் அரைத்த மிளகாய், சட்டியில் உறைந்த எருமைத் தயிர் எல்லாம் இன்று விலை கூடிய பொருள்கள். எங்கள் மூத்தம்மாமார் கேட்டிருந்தால் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பார்கள். “அவ்வளவு ஆசையெண்டா உலக்கையப் புடிக்கச் சொல்லுகா” என்றும் சொல்லியிருப்பார்கள்.

உலக்கை போனதற்கு நான் அழமாட்டேன். துறையில் காத்திருந்த வள்ளத்துக்கும் அழமாட்டேன். நிலவு மணலில் கூடிய அந்த இரவுக்கு மட்டும் மனம் ஏங்குகிறது. இரண்டு போகமும் வந்து, மில்லும் வந்து, எரிவாயு அடுப்பும் வந்து, மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து உத்தியோகமும் பார்க்கிறாள். அவள் மிச்சம்பிடித்த நேரம் எங்கே போகிறது என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. வேலை முடிந்து வந்து சமைக்கிறாள், பிள்ளைக்குப் பாடம் சொல்கிறாள், மேலதிக வகுப்புக்கு ஏற்றிப் போகிறாள். மதிலால் மறித்த வளவில் பொட்டு இல்லை. திண்ணை இன்னும் ஆண்களிடம்தான் இருக்கிறது. கொங்கிறீற்றில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டம் நாலரைக்கு என்று அறிவித்து ஐந்தரைக்குத் தொடங்குவதைப் பற்றி இளையவர்கள் முறையிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று நான் கவனித்திருக்கிறேன். யாரும் சும்மா இருப்பதில்லை. கதை நடக்கிறது, சிரிப்பு நடக்கிறது, வெற்றிலைக்குப் பதிலாகத் தேநீர். கூட்டக் குறிப்பில் அது பதியப்படுவதில்லை.

நீரும் இன்னும் முற்றாக விட்டுவிடவில்லை. நற்பிட்டிமுனைக்கு மேற்கே வாவியைக் கடந்து சவளக்கடைக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதியை மாரி மழை அண்மைக்காலம் வரை ஆண்டுதோறும் மூடிவந்திருக்கிறது. கிட்டங்கி என்றால் பண்டகசாலை. ஒரு காலத்தில் பொருள் இறங்கிய துறை என்பதற்குப் பெயரே சாட்சி. வெள்ளம் மேவும் நாட்களில் அக்கரைப் பாடசாலைகளுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியைகள் உழவு இயந்திரப் பெட்டியில் நின்றுகொண்டோ, தோணியிலோதான் கடக்கிறார்கள். அவர்களில் நம் பழைய மாணவியர் பலர். செருப்பைக் கையில் எடுத்து, பாடக்குறிப்புப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, வள்ளம் நிறையும் வரை கரையில் நிற்பார்கள். வள்ளக்காரர் இன்னும் இரண்டு ஆளுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். “ஒள்ளுப்பம் பொறுங்க டீச்சர்” என்பார். ஏழரை மணிக்கு அக்கரையில் மணி அடிக்க வேண்டும்.